கிறிஸ்துமஸ் செலவு: தள்ளுபடியைவிட அதிகம் மிச்சப்படுத்துவது எது?

11.11 முடிந்தது. பிளாக் ஃபிரைடே முடிந்தது. அடுத்து 12.12 வருகிறது. "இப்ப வாங்கலன்னா அப்புறம் கிடைக்காது" என்று கைத்தொலைபேசி நாள் தவறாமல் நினைவூட்டுகிறது.

தீபாவளியின் செலவே சில வீடுகளில் இன்னும் கணக்குப் பார்த்து முடியவில்லை. அதற்குள் கிறிஸ்துமஸ். அதைத் தாண்டினால் புத்தாண்டு, பள்ளித் திறப்பு, பொங்கல்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்துவர்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. ஓஃபிர் சாலையில் உள்ள லூர்து மாதா தேவாலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டப்பட்டது. அது 1888-இல் கட்டி முடிக்கப்பட்டது. அவர்களுக்கு இது சமயத் திருநாள். ஆனால் அலுவலக விருந்து, நண்பர்களின் 'சீக்ரெட் சாண்டா' என்று கிறிஸ்துமஸ் செலவு மற்ற எல்லாரையும் தொடுகிறது.

அந்தச் செலவைக் குறைக்க உண்மையில் எது உதவும்? பார்ப்போம்.

பணம் எங்கே போகிறது?

வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆன ஒருவரை எடுத்துக்கொள்வோம். இது ஓர் உதாரணக் கணக்குதான்.

அலுவலகப் பரிசுப் பரிமாற்றத்துக்கு 30 வெள்ளி. இரண்டு நண்பர் குழுக்களில் தலா 25 வெள்ளி. அக்கா, அண்ணன் பிள்ளைகள் நால்வருக்கு ஆளுக்கு 20 வெள்ளி. வெளியே ஒரு விருந்துச் சாப்பாடு 60 வெள்ளி. யார் வீட்டுக்காவது கொண்டுபோகும் கேக் 55 வெள்ளி. புதுச் சட்டை 50 வெள்ளி. இரவு வீடு திரும்ப டாக்சி 40 வெள்ளி.

மொத்தம் 365 வெள்ளி.

இதில் எதுவும் ஆடம்பரம் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே "சும்மா 20, 30 வெள்ளிதானே" ரகம். டிசம்பர் மாதச் சிக்கலே அதுதான். ஒரு பெரிய பொருளை வாங்கும்போது நாலு முறை யோசிப்போம். சின்னச் சின்னதாகப் போகும்போது யோசிக்கத் தோன்றாது.

சரி, இந்தப் பட்டியலில் பரிசுகளுக்கு மட்டும் 160 வெள்ளி ஆகிறது. 12.12-இல் எல்லாவற்றுக்கும் 10 விழுக்காடு தள்ளுபடி கிடைத்தாலும் மிச்சமாவது 16 வெள்ளி. அதே நேரத்தில், இரண்டு நண்பர் குழுக்களும் சேர்ந்து ஒரே பரிமாற்றம் வைத்து, 15 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது என்று முடிவு செய்தால்? 50 வெள்ளி 15 வெள்ளியாகிறது. மிச்சம் 35 வெள்ளி. எந்தத் தள்ளுபடிக் குறியீடும் தேவைப்படவில்லை.

தள்ளுபடியை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் எதிலிருந்து தள்ளுபடி என்று கேட்க வேண்டும். 100 வெள்ளியை அடித்துவிட்டு 59 வெள்ளி என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பொருள் எப்போதாவது 100 வெள்ளிக்கு விற்கப்பட்டதா?

சிங்கப்பூரில் இதற்கு விதி இருக்கிறது. போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்தின் விலை வெளிப்படைத்தன்மை வழிகாட்டி 2021 நவம்பர் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. முன்பு இருந்ததாகக் காட்டும் விலை உண்மையான விலையாக இருக்க வேண்டும். கட்டாயக் கட்டணங்களைக் கடைசித் திரையில் திடீரென்று சேர்க்கக்கூடாது. 'இலவசம்' என்றால் உண்மையிலேயே இலவசமாக இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்காத சேவைக்கு முன்கூட்டியே 'டிக்' போட்டு வைப்பதும் அதில் சுட்டப்படுகிறது.

விதி இருந்தாலும், வாங்கும் நேரத்தில் சரிபார்க்க வேண்டியவர் நீங்கள்தான். வேண்டிய பொருளை இன்றே கூடையில் போட்டு விலையைத் திரைப்படம் பிடித்து வையுங்கள். 12.12 அன்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

'இலவச விநியோகம்' என்பதும் கவனிக்க வேண்டியது. கூடையில் 48 வெள்ளிக்குப் பொருள் இருக்கிறது. விநியோகக் கட்டணம் 5 வெள்ளி. 60 வெள்ளிக்கு வாங்கினால் அது இலவசம். உடனே 12 வெள்ளிக்கு வேறு ஏதாவது தேடுகிறோம். 5 வெள்ளியை மிச்சப்படுத்த 12 வெள்ளி செலவு! அந்தப் பொருள் உங்கள் பட்டியலில் ஏற்கெனவே இருந்தால் லாபம். இல்லையென்றால் 7 வெள்ளி கூடுதல் செலவு.

பொருள், சேவை வரியையும் மறக்க வேண்டாம். 2024 ஜனவரி 1 முதல் அது 9 விழுக்காடு. வெளிநாட்டிலிருந்து ஆகாய வழியிலோ அஞ்சலிலோ வரும் பொருள் 400 வெள்ளிக்கு உட்பட்டது என்றால் முன்பு வரி இல்லை. 2023 ஜனவரி 1 முதல், விற்பவரோ இணையத்தளமோ இங்கு வரிக்குப் பதிவு செய்திருந்தால் அதற்கும் வரி உண்டு. ஆக, முதல் திரையில் தெரியும் விலையை ஒப்பிடாதீர்கள். பணம் கட்டும் திரையில் வரும் விலையை ஒப்பிடுங்கள்.

விலை கூடினால் பரிசின் மதிப்பும் கூடுமா?

அமெரிக்கப் பொருளியல் வல்லுநர் ஜோயல் வால்ட்ஃபோகல் இந்தக் கேள்வியை ஆராய்ந்தார். கிறிஸ்துமஸ் பரிசுகள் பற்றிய அவருடைய கட்டுரை 1993-இல் வெளியானது. பரிசு பெற்ற மாணவர்களிடம் "இதற்கு நீங்களாக இருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பீர்கள்?" என்று கேட்கப்பட்டது. அன்பின் மதிப்பைச் சேர்க்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்ன தொகை, பரிசின் விலையைவிடப் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாக இருந்தது.

50 வெள்ளிப் பரிசு கொடுக்கிறீர்கள். வாங்கியவர் மனத்தில் அது 35, 40 வெள்ளிப் பொருள். மீதி யாருக்கும் போய்ச் சேரவில்லை.

நன்கு பழகிய நண்பர்கள் கொடுத்த பரிசுகளில் இந்த இழப்பு குறைவு. விருப்பம் தெரியாத உறவினர்கள் கொடுத்தவற்றில் அதிகம். நம் வீடுகளில் தாத்தா பாட்டியும் மாமாவும் தீபாவளிக்கு உறையில் பணம் வைத்துக் கொடுக்கிறார்களே, அதில் இந்தக் கணக்கில் இழப்பே கிடையாது!

இதற்காக எல்லாருக்கும் பணமே கொடுக்க வேண்டியதில்லை. என்ன வேண்டும் என்று கேட்டுவிடலாம். கேட்டு வாங்கிய 15 வெள்ளிப் பரிசு, கேட்காமல் வாங்கிய 40 வெள்ளிப் பரிசைவிட அதிகம் பயன்படும்.

குழுவில் எப்படிச் சொல்வது?

உண்மையில் இதுதான் கடினமான பகுதி. "நான் இந்த வருஷம் அவ்வளவு செலவு பண்ண முடியாது" என்று வாட்ஸ்ஆப் குழுவில் முதலில் சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. கஞ்சன் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். எல்லாரும் அப்படியே நினைத்துப் பேசாமல் இருக்க, யாரோ "50 ஓகேவா?" என்று கேட்கிறார். எல்லாரும் கட்டைவிரல் காட்டிவிடுகிறார்கள்.

முதலில் தொகையைச் சொல்பவருக்கு ஒரு வசதி உண்டு. பேச்சு அங்கிருந்துதான் நகரும். 15 என்று தொடங்கினால் 20-இல் முடியும். 50 என்று தொடங்கினால் 40-க்குக் கீழ் இறங்காது. ஆகவே காத்திருக்காமல் நீங்களே தொடங்கலாம்:

"இந்த வருஷம் ஆளுக்கு ஒரே ஒரு கிஃப்ட் போதுமா? 15 வெள்ளிக்குள்ள வச்சுக்கலாம். எல்லாரும் அவங்கவங்க லிஸ்ட்ல மூணு பொருள் போட்டுடுங்க."

குடும்பத்திலும் அப்படியே. பெரியவர்களுக்குள் பரிசு வேண்டாம், பிள்ளைகளுக்கு மட்டும் போதும் என்று அக்கா அண்ணனிடம் பேசலாம். "சித்தி, நீங்க கேக் வாங்க வேண்டாம், உங்க பிரியாணிதான் வேணும்" என்று சொன்னால் யார் முகம் சுளிப்பார்? உணவகத்துக்குப் பதில் ஆளுக்கு ஒன்று சமைத்துக் கொண்டுவந்தால், உதாரணக் கணக்கில் இருந்த 60 வெள்ளிச் சாப்பாட்டுச் செலவும் குறையும். அலங்கார விளக்கு பார்க்க ஆர்ச்சர்ட் ரோடு இருக்கிறது. 1984 முதல் அங்கு விளக்கேற்றுகிறார்கள். நடந்து பார்க்கக் கட்டணம் இல்லை.

"அப்புறம் கட்டிக்கலாம்" – அப்புறம் என்பது எப்போது?

இப்போது வாங்கிப் பிறகு பணம் செலுத்தும் திட்டங்கள் இளையர்களிடையே பிரபலம். 360 வெள்ளியை மூன்றாகப் பிரித்தால் மாதம் 120 வெள்ளி. வட்டி இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் டிசம்பரில் வாங்கியதற்கு ஜனவரியிலும் பிப்ரவரியிலும் தவணை வரும். பொங்கலும் சீனப் புத்தாண்டும் வரும் அதே மாதங்கள். இரண்டு மூன்று தளங்களில் இப்படிப் பிரித்து வைத்தால் எது எப்போது என்பதே மறந்துபோகும்.

இத்துறைக்கு 2022-இல் ஒரு நடத்தை விதித்தொகுப்பு அறிமுகமானது. அதன்படி, கூடுதல் கடன்தகுதிச் சோதனை இல்லாமல் ஒரு நிறுவனத்திடம் 2,000 வெள்ளிக்கு மேல் நிலுவை வைக்க முடியாது. தவணை தவறினால் மேற்கொண்டு வாங்க முடியாது. தாமதக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. பாதுகாப்புதான். ஆனால் 2,000 வெள்ளி என்பது பலருக்கு ஏறக்குறைய ஒரு மாதக் கைச்சம்பளம் என்பதை நினைவில் வையுங்கள்.

கடன்பற்று அட்டை இன்னும் ஆபத்து. நிலுவைக்கு ஆண்டு வட்டி பொதுவாக 25 விழுக்காட்டுக்கு மேல். 800 வெள்ளியை அப்படியே விட்டால் மாதம் சுமார் 17 வெள்ளி வட்டிக்கே போகும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அடுத்த கிறிஸ்துமஸ் வரும்போதும் இந்தக் கிறிஸ்துமஸ் கடன் இருக்கும்.

"13-ஆம் மாதச் சம்பளம் வரப்போகுதே" என்று சொல்பவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, சட்டப்படி அது கட்டாயம் இல்லை. உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு. இரண்டு, அதிலும் மத்திய சேம நிதிக்குப் பிடிப்பார்கள். இளைய ஊழியரின் பங்கு 20 விழுக்காடு. 3,000 வெள்ளி என்றால் கைக்கு வருவது 2,400 வெள்ளி.

ஜொகூர் பாருவில் வாங்கினால் மலிவா?

ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது பலருக்கும் ஆசை வரும். ஆனால் 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி வரையிலான பொருள்களுக்கு மட்டுமே வரிச் சலுகை. 48 மணி நேரமும் அதற்கு மேலும் இருந்தால் 500 வெள்ளி.

ஒரே நாளில் போய் 180 வெள்ளிக்கு வாங்கி வந்தால், மீதி 80 வெள்ளிக்கு 9 விழுக்காடு, அதாவது 7 வெள்ளி 20 காசு வரி. முன்கூட்டியே இணையத்தில் அறிவித்துக் கட்டலாம். வேலை அனுமதி, மாணவர் அனுமதி அட்டை வைத்திருப்போருக்கு இந்தச் சலுகை இல்லை. பரிசாகக் கொடுக்க வைன் வாங்கி வரலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்: மலேசியாவிலிருந்து வருவோருக்கு மதுபானத் தீர்வைச் சலுகை கிடையாது.

டிசம்பர் 31-க்குள் பார்க்க வேண்டியவை

2025 ஜனவரியில் வழங்கிய 300 வெள்ளி, மே மாதம் வழங்கிய 500 வெள்ளி சிடிசி பற்றுச்சீட்டுகள் இரண்டும் அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் தேதி காலாவதியாயின. பாதித் தொகையைப் பேரங்காடிகளிலும் மறுபாதியை உணவங்காடிகளிலும் பேட்டைக் கடைகளிலும் பயன்படுத்த முடிந்தது. வீட்டில் வேறு பற்றுச்சீட்டுகள் இருந்தால், யார் பெயரில் பெற்றீர்கள், எவ்வளவு மீதம், எப்போது காலாவதியாகும் என்று இன்றே அம்மா அப்பாவிடம் கேளுங்கள். விருந்துச் சமையலுக்கான அரிசி, கோழி, எண்ணெய் எல்லாம் அதிலேயே அடங்கக்கூடும். எஸ்ஜி60 பற்றுச்சீட்டுகளின் காலக்கெடு 2026 டிசம்பர் 31.

வாங்கிய பரிசு பழுதாக இருந்தால்? 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன்' சட்டம், ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறைபாட்டுக்கு விற்பனையாளரைப் பொறுப்பேற்கச் சொல்கிறது. தள்ளுபடியில் வாங்கியதற்கும் அது பொருந்தும். கேரோசெலில் தனிநபரிடம் வாங்கியதற்குப் பொருந்தாது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

நம்ப முடியாத விலையில் ஏதாவது கண்ணில் பட்டால் பணம் அனுப்புவதற்கு முன் 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் பதில் கிடைக்கும்.

12.12-க்கு முன் ஒரு தாள் எடுங்கள். யாருக்கு, எவ்வளவு என்று எழுதுங்கள். கீழே மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை ஜனவரிச் சம்பளத்தைத் தொடாமல் இருக்கிறதா? இல்லையென்றால் குழுவில் அந்தச் செய்தியை இன்றிரவே அனுப்பிவிடுங்கள். அதற்காகக் காத்திருப்பவர்கள் அங்கே இன்னும் நாலு பேர் இருப்பார்கள்.