இடம், பொருள், விளக்கம்

அண்மையில் ஓர் இதழில் வந்த கலந்துரையாடலை இதற்குள் பலரும் படித்திருப்பீர்கள். நண்பர் ஒருவர் அதை நகலெடுத்து, ஓரமெல்லாம் சிவப்பு மையால் கோடிட்டு எங்களுக்கு அனுப்பியிருந்தார். நம் கல்லூரி ஆங்கிலத் துறைகளின் தரம் பற்றிய பேச்சு. பேசிய அனைவரும் ஓய்வுபெற்ற பேராசிரியர்கள். இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையைக்கூடக் கூப்பிடவில்லை. தமிழ்வழியில் படித்துவிட்டு பி.ஏ. ஆங்கில இலக்கியத்துக்கு வருகிறவர்களுக்காக எதிர்பார்ப்பைத் தாழ்த்திக்கொண்டே போனோம், துறை அழிந்தது என்பது சாரம். பரிகாரமும் சொல்லியிருக்கிறார்கள்: சேர்க்கையிலேயே வடிகட்ட வேண்டும், வடிகட்டியில் தேறியவர்களுக்கும் இலக்கியத்தைக் குறைத்து கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ் தர வேண்டும்.

தரம் போச்சு என்ற புலம்பலுக்கு வயது அதிகம். ஆர்.கே. நாராயணின் 'தி இங்கிலீஷ் டீச்சர்' 1945இல் வந்தது. அதன் தொடக்கத்திலேயே, ஆனர்ஸ் என்ற சொல்லில் 'யு' என்ற எழுத்தை ஒரு மாணவன் விட்டுவிட்டான் என்பதற்காகக் கல்லூரி முதல்வர் ஆங்கில ஆசிரியர்களைக் கூட்டி வைத்து உபதேசம் செய்கிறார். அதற்கும் முன்னால், 1902இன் இந்தியப் பல்கலைக்கழக ஆணையமே தேர்வுக்காகக் கற்பிக்கிறார்களே ஒழியக் கற்பித்ததற்காகத் தேர்வு வைப்பதில்லை என்று அலுத்துக்கொண்டது. ஆகவே இந்தப் பேராசிரியர்கள் இழந்துவிட்டதாகச் சொல்லும் பொற்காலம் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று கேட்கத் தோன்றுகிறது. அவர்கள் காலத்திலும் கைடு இருந்தது. அட்டை மட்டும் வேறு நிறம்.

எதிர்பார்ப்பு தாழ்ந்துவிட்டது என்கிறார்கள். எந்த எதிர்பார்ப்பு? மாணவியின் கையில் இருப்பதைப் பாருங்கள். வருகைப் பதிவு 75 விழுக்காடு. அகமதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75, தேறுவதற்கு 40. வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கே1, கே2, கே5 என்று ஒரு குறி. 1956இல் பெஞ்சமின் புளூம் வகுத்த படிநிலை, பின்னால் திருத்தப்பட்டு, கல்லூரிகளைத் தரம் பார்க்க வரும் நாக் குழுவின் வருகைக்காக நம் தாள்களில் வந்து ஒட்டிக்கொண்டது. கே1 என்றால் நினைவுகூர்தல். கே5 என்றால் மதிப்பிடுதல். 'லிசிடாஸ்' கவிதையை மதிப்பிடுக என்று கே5 கேள்வி கேட்கிறது. அதற்கான மதிப்பீடு கைடில் ஒன்றரைப் பக்கத்துக்கு, துணைத் தலைப்புகளோடு அச்சாகியிருக்கிறது. மாணவி அதை நெட்டுருப் போட்டு எழுதுகிறாள், திருத்துபவர் துணைத் தலைப்புகளை எண்ணி மதிப்பெண் போடுகிறார். கே5 போன இடம் தெரியவில்லை, மீந்தது கே1. புத்தகத்தை அவள் படித்தாளா என்று இந்த ஏற்பாட்டில் எந்த இடத்திலும் யாரும் கேட்கவில்லை. தாழ்த்தவோ உயர்த்தவோ முதலில் ஓர் எதிர்பார்ப்பு இருக்க வேண்டுமே!

இதில் எங்களுக்கு மிகவும் உறுத்துவது சிறிய ஒன்று. சிறியது என்று நண்பர்கள் சொல்கிறார்கள், நாங்கள் ஒப்பவில்லை. ஆன்னொட்டேஷன் என்ற கேள்வி. இரண்டு வரியைக் கொடுத்து, சந்தர்ப்பத்தோடு விளக்கச் சொல்வது. பள்ளியில் நாம் எல்லோரும் எழுதிய 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' தான் அது. இடம், பொருள், விளக்கம் என்று மூன்று தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் கோடிழுத்து எழுதுவோமே, அதே சடங்கு. இந்த வரிகள் இன்ன கவிஞர் எழுதிய இன்ன கவிதையில் வருகின்றன என்ற முதல் வாக்கியம் மட்டும் சரியாக விழுந்துவிட்டால் போதும், மதிப்பெண்ணில் ஒரு பங்கு உறுதி. பொருள் தெரியாவிட்டாலும் இடம் தெரிந்தவன் பிழைத்தான். பொருள் தெரிந்து இடம் தெரியாதவன் தொலைந்தான். எழுதியவர் யார் என்று தெரியாமல் ஒரு வரியை நேருக்கு நேர் பார்க்கும் வாய்ப்பு ஆறாம் வகுப்பிலிருந்து முதுகலைவரை ஒரே ஒரு முறைகூட நம் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. ஆங்கிலத் துறையின் சீர்கேடு அனைத்தும் இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் கிளம்புகிறது என்று சொன்னால் மிகையாகத்தான் தெரியும். தெரியட்டும்.

கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் இதற்கு நேரெதிரானதைச் செய்தார். பெயரையும் காலத்தையும் நீக்கிவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, ஒரு வாரம் வைத்துப் படித்துத் தோன்றியதை எழுதித் தரச் சொன்னார். பதின்மூன்று கவிதைகளுக்கு வந்த குறிப்புகள் 1929இல் 'ப்ராக்டிகல் கிரிட்டிசிசம்' ஆயின. ஜான் டன்னும் ஹாப்கின்ஸும் டி.எச். லாரன்ஸும் அங்கே பட்ட அடியைப் படித்தால் சிரிப்பு வரும். இங்கிலாந்தின் தேர்ந்த மாணவர்கள், ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு குடித்தவர்கள், பெயர் இல்லாவிட்டால் தடுமாறினார்கள். அவர்களை வடிகட்டச் சொல்லவில்லை ரிச்சர்ட்ஸ். ஏன் தடுமாறினார்கள் என்று ஒரு புத்தகம் எழுதினார். பின்னர் அதே மனிதர் ஆக்டனின் 850 சொல் பேசிக் இங்கிலீஷைத் தூக்கிக்கொண்டு சீனாவரை போய் அந்நியருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வேலையில் இறங்கினார். கவிதையைக் கூர்ந்து படிப்பதும் எளிய வாக்கியம் கற்பிப்பதும் அவருக்கு ஒரே வேலையின் இரு முனைகள். நம் பேராசிரியர்களுக்கோ ஒன்றைக் கொன்றால்தான் மற்றது பிழைக்கும்.

ரிச்சர்ட்ஸ் என்றதும் மனம் வேறு பக்கம் ஓடுகிறது. அவர் நமக்கு வந்தது கல்லூரி வழியாக மட்டுமா? 1959இல் தொடங்கி 119 இதழ் வந்த 'எழுத்து'வில் சி.சு. செல்லப்பா அலசல் அலசல் என்று மல்லுக்கு நின்றபோது அந்தக் காற்றுதான் வீசியது. ரசனையா அலசலா என்ற அந்தச் சண்டையில் நாம் யார் பக்கம் என்பது இப்போது முக்கியமல்ல. ஆனால் ஒரு கவிதையை வைத்துக்கொண்டு வரி வரியாகச் சண்டை போட முடியும் என்று காட்டியது அதுதான். ஆங்கிலம் கற்பித்தவர்களும் அன்று தமிழுக்குள் உலவினார்கள். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி முதல்வராக இருந்த அ. சீனிவாசராகவன். திருவனந்தபுரம் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த நகுலன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில போதனாசிரியராக இருந்த ஏ.ஜே. கனகரட்னா, போதனாசிரியர் என்பது பதவி வரிசையில் எங்கோ கீழே கிடக்கும் ஒன்று, ஆனால் அவரிடம் கடன் வாங்கிப் படித்த புத்தகங்களைப் பற்றி ஒரு தலைமுறையே பேசுகிறது. இன்றைய ஆங்கிலத் துறையிலிருந்து சிற்றிதழுக்குக் கட்டுரை வருவதில்லை. வந்தாலும் இடம், பொருள், விளக்கம் என்று வருகிறது, ஃபூக்கோவை இடத்தில் போட்டு.

சரி, விட்ட இடத்துக்கு, கைடுக்கும் நெட்டுருவுக்கும், வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டுக்கு எதிராக விதிகள் வகுத்தது. ஆய்வேட்டில் பத்து விழுக்காடுவரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. நாற்பதுவரை போனால் திருத்தி மீண்டும் தர வேண்டும். அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. நல்லது. ஆனால் ஒப்படைப்புகள், கட்டுரைகள், விடைத்தாள்கள் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது என்று அந்த விதிகளே விலக்கு அளித்திருக்கின்றன. அதாவது ஐந்து ஆண்டு கைடை நூறு விழுக்காடு அப்படியே ஒப்பித்தவளுக்கு முதல் வகுப்பு. ஆறாம் ஆண்டு அதையே செய்தால் குற்றவாளி. மென்பொருள் அவளைப் பிடிக்கிறது. அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவரைப் பிடிக்க மென்பொருள் இல்லை.

தமிழ்வழிப் பிள்ளைக்கு இலக்கியம் ஏறாது என்பது சோம்பேறிகளின் வாதம். டாஃபடில் பூவைப் பார்க்காதவளுக்கு வேர்ட்ஸ்வொர்த் எப்படிப் புரியும் என்பதும் அதோடு சேர்ந்ததே. குறிஞ்சி பூத்ததைப் பார்த்துவிட்டா நாம் குறுந்தொகைக்குள் போனோம்? 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவின் சில சாதாரணப் பள்ளிகளில் நடந்த பெங்களூர்த் திட்டம் எதைக் காட்ட முனைந்தது? இலக்கணத்தை முதலில் ஊட்டாமல், ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து, இதில் என்ன இருக்கிறது, யோசி என்றார்கள். மனம் பொருளில் கிடக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது அதன் நம்பிக்கை. மொழி கற்பித்தல் துறையில் உலகமெங்கும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். நம் எம்.ஏ. மாணவர்கள் அதன் நிறை குறைகளை ஐந்து மதிப்பெண் விடையாக மனப்பாடம் செய்கிறார்கள். முதல் பருவத்தில் ஒரே ஒரு சிறுகதையைக் கொடுத்து, படித்துவிட்டு வா, உனக்கு எங்கே எரிச்சல் வந்தது என்று சொல், தமிழில் சொன்னாலும் சரி என்று கேட்டால் என்ன குடி முழுகிப்போகும்? தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சொந்த வாக்கியத்துக்கு, கைடின் பிழையற்ற பத்தியைவிட ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போட எந்தத் திருத்துநருக்குத் துணிச்சல் இருக்கிறது?

ஆங்கிலத் துறையை மட்டும் அடிப்பானேன்? நம் விமர்சனத்தைப் பாருங்கள். மதிப்புரையின் முதல் பத்தி இடம்: ஆசிரியர் யார், எந்த ஊர், முன்பு என்னென்ன எழுதினார், யார் பாராட்டினார். கடைசிப் பத்தி வாழ்த்து. நடுவில் கதைச் சுருக்கம், அதுவும் பின்னட்டையிலிருந்து. பரிசுப் பட்டியல்கள் வந்தவுடன் நாம் முதலில் தேடுவது பெயரை. பெயரை மறைத்துவிட்டு அந்தப் புத்தகங்களிலிருந்து ஆளுக்கு இரண்டு பக்கம் கொடுத்தால் நடுவர்களே எத்தனை பேர் நிற்பார்கள்? எங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். எங்கள் சென்ற இதழின் அட்டையிலும் பெயர்கள்தான் பெரிதாக இருந்தன.

எனவே அடுத்த இதழில் ஆறு கவிதைகளைப் பெயரில்லாமல் அச்சிடுகிறோம். மூன்று தமிழ், மூன்று ஆங்கிலம். ஒன்றிரண்டு மோசமானவை, எவை என்று சொல்லமாட்டோம். கல்லூரி மாணவர்கள் எழுதலாம், பேராசிரியர்களும் எழுதலாம், கலந்துரையாடலில் பேசியவர்களுக்குத் தனியே அழைப்பு அனுப்புகிறோம். தமிழிலோ ஆங்கிலத்திலோ இரண்டு பக்கத்துக்கு மிகாமல் இருக்கட்டும். கவிஞர் யார் என்று ஊகிக்கத் தொடங்கும் கடிதங்களை முதல் வரியோடு நிறுத்திவிடுவோம். எங்கள் ஆசிரியர் குழுவில் ஒருவருக்கு இந்தத் திட்டத்தில் சுத்தமாக உடன்பாடில்லை. அவருடைய மறுப்பையும் அதே இதழில் போடுகிறோம், அவர் பெயரோடு.