பையன் நிற்பதில்லை என்கிறோம்

வணிகர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: "கடைக்கு ஆள் நிற்பதில்லை." கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் கடை வைத்திருக்கும் நாம் உடனே சிப்காட்டைக் கை காட்டுகிறோம். கம்பெனி கூடக் கொடுக்கிறது, பையன் போய்விடுகிறான் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம்.

நம் கடையிலும் ஒருவர் போனார். ஒன்பது வருடம் இருந்தவர். எந்த மூட்டை எந்த மூலையில் இருக்கிறது, யார் கணக்கில் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். நாம் அவரையும் 'பையன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"சம்பளம் பத்தலை அண்ணாச்சி" என்றார். இரண்டாயிரம் கூட்டித் தருவதாகச் சொன்னோம். தலையைக் குனிந்துகொண்டார். பிறகுதான் உண்மை வந்தது.

"அங்கேயும் காண்ட்ராக்ட் வேலைதான் அண்ணாச்சி, நிரந்தரம் இல்லை. ஆனா ஷிப்ட் முடிஞ்சா வீட்டுக்குப் போயிடலாம். இங்கே லோடு வந்தா ஞாயித்துக்கிழமையும் கூப்பிடுறீங்க. அன்னைக்குப் பருப்பு எடை குறைஞ்சதுக்கு எல்லார் முன்னாடியும்..." அதற்குமேல் சொல்லவில்லை.

அந்த எடை குறைந்தது தராசுக் கோளாறு. மறுநாளே நமக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போவதா, இருப்பதா என்று மூன்று மாதம் வீட்டில் பேசியிருக்கிறார். அந்த மூன்று மாதமும் தினம் நம் எதிரில்தான் நின்றார். நாம் ஏனென்று கேட்கவில்லை.

பெரிய கம்பெனிகளும் இதில் தவறியது உண்டு. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். நம் மாவட்டத்துப் பூந்தமல்லியில் அவர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு, 150க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததே காரணம். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12இல்தான் திறந்தது. அங்கே பிரச்சினை கூலி அல்ல, சோறும் படுக்கையும்.

நமக்கும் சட்டம் இருக்கிறது. 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் விடுமுறை, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று சொல்கிறது. 2021இல் செய்த திருத்தம், வேலையாட்கள் உட்கார இருக்கை போடச் சொல்கிறது. ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தக்க காரணமின்றி நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஒரு மாத நோட்டீஸோ அதற்கீடான சம்பளமோ தரவேண்டும். இதில் எத்தனையை நாம் செய்கிறோம்? செய்யாத நாம், "சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான்" என்று மட்டும் குறைப்படுவது என்ன நியாயம்?

கம்பெனிச் சம்பளத்தோடு போட்டி போட நம்மால் முடியாது. ஒரு ஸ்டூல் போட முடியும். ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்க முடியும். தவறு நம்முடையது என்றால், திட்டிய அதே நாலு பேர் முன்னால் அதைச் சொல்லவும் முடியும்.

வணிகப் பெருமக்களே, இன்று கடை எடுத்து வைத்ததும் நம்மிடம் இருப்பவரை உட்காரவைத்து, "உனக்கு இங்கே என்ன கஷ்டம்?" என்று கேட்போம். சரக்கு தீர்ந்தால் மறுநாள் வாங்கலாம். ஒன்பது வருட ஆளை எந்த மண்டியில் வாங்குவது?