ஏலத்து வீடும் பதினைந்து நாளும்
ரியல் எஸ்டேட்டில் புதிதாக இறங்குபவர்களிடம், வங்கி ஏலத்தில் வீடு எடுத்துக் கைமாற்றினால் நல்ல லாபம் என்று ஆசை காட்டுகிறார்கள். விலை குறைவாகக் கிடைப்பது பல நேரம் உண்மைதான். பணம் கட்டும் கெடுவைத்தான் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. வங்கிகள் வாராக்கடனை வசூலிக்க 2002-ஆம் ஆண்டு வந்த சர்ஃபாசி சட்டத்தின் விதிப்படி, ஏலத்தொகையில் 25 சதவீதத்தை அன்றே, மிஞ்சினால் அடுத்த வேலைநாளில் கட்டியாக வேண்டும். மீதிக்கு, ஏலம் உறுதியானதிலிருந்து 15 நாள். வங்கி எழுத்தில் சம்மதித்தால் அதிகபட்சம் 3 மாதம். வக்கீல் பத்திரங்களைப் பார்த்து, மதிப்பீட்டாளர் வந்துபோய், வீட்டுக் கடன் கைக்கு வருவதற்குள் அந்த 15 நாள் ஓடிவிடும். தவறினால் கட்டிய 25 சதவீதமும் போச்சு. அப்படிப் பறிமுதல் செய்தது செல்லும் என்று, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது. முழுப் பணத்துக்கும் வழி தெரியாமல் ஏலம் கேட்பது, என் பார்வையில், முதலீடே அல்ல. ஏல அறிவிப்பில் ‘அடையாள சுவாதீனம்’, அதாவது காகிதத்தில் மட்டும் வங்கி வசம், என்றிருந்தால் இன்னும் கவனம் தேவை. வீட்டுக்குள் பெரும்பாலும் கடன்பட்ட குடும்பமே குடியிருக்கும். மாஜிஸ்திரேட் உத்தரவு பெற்று அவர்களை வெளியேற்ற மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை உங்கள் கடனுக்கு வட்டி ஏறும், வழக்கும் வரலாம். இடிந்துபோன ஒரு குடும்பத்தை நெருக்கித்தான் முதல் லாபம் பார்க்க வேண்டுமா? வங்கி நேரடிச் சுவாதீனம் எடுத்துப் பூட்டிய சொத்துகளும் ஏலத்துக்கு வருகின்றன. விலை சற்றுக் கூடினாலும் புதியவர்கள் அவற்றை மட்டும் கேட்கட்டும்.