நடுவது மட்டுமா நன்மை?

ஜூன் 5 ஆம் திகதி உலக சுற்றாடல் தினம். அன்று காலைக் கூட்டத்தில் ஓர் உரை, பிறகு மரநடுகை, பிறகு புகைப்படம். தரம் ஆறிலிருந்து நானும் இதில் கலந்துகொண்டு வருகிறேன். மண் பட்ட கைகளோடு வீடு திரும்பும்போது ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி மனதில் இருக்கும். ஆனால் உயர்தர உயிரியல் மாணவிகளாக நாங்கள் உடவத்தகெலே காட்டுக்குக் களப்பயணம் போய் வந்த பிறகு அந்தத் திருப்தியில் ஒரு கேள்வி விழுந்துவிட்டது. நமது நகரத்தின் நடுவே இருக்கும் அந்தக் காட்டுக்கு இன்னும் மரக்கன்றுகள் தேவையில்லை. அதற்குத் தேவை களை பிடுங்கும் கைகள்.

தலதா மாளிகைக்குப் பின்னால் எழும் குன்றின் மேல், ஏறக்குறைய 104 ஹெக்டேயர் பரப்பில் இருக்கிறது உடவத்தகெலே. கண்டி அரசர் காலத்தில் அதன் பெயர் 'உட வாசல வத்த'. அரண்மனைக்கு மேலே உள்ள தோட்டம் என்பது அதன் பொருள். 1856 இல் அது வன ஒதுக்காகவும், 1938 இல் சரணாலயமாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. இலங்கைக்கே உரிய சிறு கிளிகளும், தேவாங்கும், சருகுமானும், முள்ளம்பன்றியும் பஸ் ஹோர்ன் சத்தம் கேட்கும் தூரத்தில் அங்கே வாழ்கின்றன. சட்டம் இருக்கிறது, எல்லை இருக்கிறது, வாயிலில் நுழைவுச்சீட்டும் இருக்கிறது. ஆகவே காடு பத்திரமாகத்தான் இருக்கிறது என்று நான் எண்ணியிருந்தேன்.

காட்டுக்குள்ளே போனதும் தரையெல்லாம் பச்சைப் பசேலென்று இளங்கன்றுகள். "எவ்வளவு செழிப்பு!" என்றாள் தோழி ஒருத்தி. ஆசிரியை ஒரு சதுர மீற்றர் இடத்தைக் கயிற்றால் அடையாளமிட்டு, அதிலுள்ள கன்றுகளை இனம் பிரித்து எண்ணச் சொன்னார். எண்ணத் தொடங்கியதும் எங்கள் வியப்பு மாறிவிட்டது. அநேகமாக எல்லாமே ஒரே இனம். அது பால்சம் மரத்தின் கன்று.

பால்சம் மரம் மத்திய, தென் அமெரிக்கக் காடுகளுக்கு உரியது. வாசனைப் பொருட்களிலும் மருந்திலும் சேர்க்கும் அதன் பிசினுக்காக மனிதர் அதை நாடு விட்டு நாடு கொண்டுவந்தனர். அதன் காய்க்கு ஒரு சிறகு உண்டு. காற்றில் சுழன்று தூரப் போய் விழும். நிழலிலும் கன்று தளராமல் வளரும். நமது சொந்த மரங்களின் விதை முளைக்க வேண்டிய இடத்தை அது முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. இன்று நிற்கும் பழைய மரங்கள் ஒருநாள் சாயும்போது அவற்றின் இடத்துக்கு வர வாரிசு இருக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குன்று அப்போதும் பச்சையாகவே தெரியும். ஆனால் பல இனம் வாழ்ந்த காடு ஓரினத் தோட்டமாக மாறியிருக்கும்.

அடுத்து ஆசிரியை காட்டியதைப் பார்த்து நான் தலை குனிந்தேன். சில இடங்களில் ஒரு கொடி தரையை மூடி, மரங்களின் உச்சிவரை ஏறியிருந்தது. ஒவ்வோர் இலையும் சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிது. "இதை உங்கள் வீட்டில் போத்தலில் வைத்திருப்பீர்கள்" என்றார். உற்றுப் பார்த்தோம். மணிபிளாண்ட்! பசிபிக் சமுத்திரத்தின் ஒரு தீவைச் சேர்ந்த இந்தக் கொடிக்கு நமது நாட்டில் இயற்கை எதிரிகள் இல்லை. உடவத்தகெலேயில் பல ஹெக்டேயர் நிலத்தை அது மூடிவிட்டது.

எங்கள் வீடும் ஒரு காட்டோரச் சரிவில்தான் இருக்கிறது. உம்மும்மா வளர்த்த மணிபிளாண்ட் அளவுக்கு மீறிப் படரும்போதெல்லாம் அதை வெட்டி, பின்மதிலுக்கு அப்பால் போடுவது என் வேலை. குப்பை என்று நினைத்துத்தான் போட்டேன். ஒரு கணு மண்ணில் பட்டால் போதும், அது வேர் விட்டுவிடும் என்று எனக்குத் தெரியாது. மரம் நட்ட அதே கையால் காட்டுக்கு நஞ்சையும் வீசியிருக்கிறேன். இதை எழுத வெட்கமாக இருந்தாலும், மதில் ஓரமாகக் குடியிருக்கும் இன்னும் எத்தனையோ வீடுகளில் இதுதான் நடக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

வேலி போட்டு மனிதரை வெளியே நிறுத்தினால் காடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது ஆழ்ந்த காட்டுக்குப் பொருந்தலாம். நாலா பக்கமும் வீடும் வீதியும் சூழ்ந்த நகரக் காட்டுக்கு அது பொருந்தாது. அதற்கு ஆண்டுதோறும் பராமரிப்பு வேண்டும். நமது நாட்டின் புந்தல தேசியப் பூங்காவில் சீமைக்கருவேலம் பரவி, பறவைகளின் மேய்ச்சல் நிலத்தை விழுங்கியது. அதே மரத்தால் அல்லலுறும் தமிழ்நாட்டில், அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே 2022 இல் அரசு ஒரு கொள்கையை வகுத்தது. நடுவதைப் போலவே அகற்றுவதும் வனப் பராமரிப்புத்தான் என்பதை உலகம் உணர்ந்து வருகிறது.

"பச்சை மரத்தைப் பிடுங்குவது பாவமில்லையா?" என்று உம்மும்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதனோ மிருகமோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்றும் அவர்களே கற்றுத் தந்தார்கள். நடுவதிலும் நன்மை உண்டு, அகற்றுவதிலும் நன்மை உண்டு. பறவைக்கும் விலங்குக்கும் உணவு தரும் மரங்கள் முளைக்க இடம் விடுவதற்காக ஒரு கன்றைப் பிடுங்குவது அழிவு வேலையாகாது என்றே நான் நம்புகிறேன்.

அதற்காக நாளைக்கே கத்தியோடு காட்டுக்குள் போக முடியாது. அனுமதியின்றி அங்கே ஒரு செடியைத் தொடுவதும் குற்றம். வளர்ந்த மரங்களை ஒரேயடியாக வெட்டினால் வெயில் விழுந்த இடத்தில் வேறு களைகள் வரும், சரிவில் மண்ணும் கரையும். அதைத் திட்டமிட்டுப் படிப்படியாகச் செய்ய வேண்டியவர்கள் அதிகாரிகள். ஆனால் கையால் பிடுங்கக்கூடிய இளங்கன்றுகள் ஆயிரமாயிரம் இருக்கின்றன. வனத்துறை உத்தியோகத்தர் வழிகாட்ட, ஓர் ஆசிரியை உடனிருக்க, ஒரு வகுப்பு மாணவிகள் ஒரு காலைப் பொழுதில் ஒரு துண்டு நிலத்தைச் சுத்தமாக்கிவிடலாம். அடுத்த வருடம் அதே துண்டுக்குத் திரும்பிப் போய் என்ன முளைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். நாம் நட்ட கன்றுகளில் எத்தனையை இப்படித் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறோம்?

இங்கே பெற்றோரிடம் ஒரு வார்த்தை. களப்பயணத்துக்கான அனுமதிக் கடிதத்தை நீட்டியபோது உம்மா கேட்ட முதல் கேள்வி, "அங்க பெண் புள்ளைகளுக்கு என்ன வேல?" என்பதுதான். சோடி சோடியாகப் போய் உட்காரும் இடம் என்று அந்தக் காட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது. உங்கள் பயத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் நல்ல காரியத்துக்காகக் கூட்டமாக வருபவர்கள் ஒதுங்கிக்கொண்டால் அந்தப் பெயர் எப்படி மாறும்? நகரத்தின் பாதிப் பேர் ஒரு காட்டை அறியாமலே வளர்ந்தால், அதன் மதிலுக்கு மேலால் குப்பை வீசும் கைகள்தான் பெருகும். என்னுடைய கை அப்படித்தான் இருந்தது. அன்று வாப்பா கடிதத்தில் கையொப்பம் இட்டிருக்காவிட்டால் இன்றும் அப்படியே இருந்திருக்கும்.

ஆகவே எனது வேண்டுகோள்கள் மூன்று. வருகின்ற சுற்றாடல் தினத்தில் நமது கல்லூரி, வனத்துறையின் அனுமதி பெற்று, ஒரு களையகற்றும் நாளை ஏற்பாடு செய்யட்டும். காட்டோர வீட்டுக்காரர்கள் வெட்டிய அலங்காரச் செடிகளை மதிலுக்கு அப்பால் வீசாமல், காயவைத்து அப்புறப்படுத்தட்டும். பெற்றோர் தமது மகள்மாரை ஆசிரியைகளின் பொறுப்பில் நம்பி அனுப்பட்டும்.

எங்கள் வீட்டு மணிபிளாண்ட் இன்னும் ஜன்னலோரப் போத்தலில்தான் இருக்கிறது. அது உம்மும்மாவுக்குப் பிரியமானது. வெட்டிய கொடிகளை இப்போது சீமெந்துத் தரையில் காயப் போடுகிறேன். கணுக்கள் முழுதாகக் காய்ந்துவிட்டனவா என்று உம்மும்மாவே வந்து கிள்ளிப் பார்க்கிறார்.