மார்க்குப் போடும் வழக்கம்

சினிமாவோ புஸ்தகமோ, ரஸித்த எதற்கும் உடனே இத்தனை மார்க்கு என்று இலக்கமிடும் வழக்கம் இந்நாளில் எங்கும் பரவியிருக்கிறது. இதனால் விளையும் நன்மை தீமைகளை நாம் நிதானமாக விசாரிப்பது அவசியம்.

இட்டவரின் அளவுகோல் தெரிந்தாலன்றி இலக்கத்துக்கு அர்த்தமில்லை. 1977ல் வெளிவந்த ‘16 வயதினிலே’ படத்துக்கு ‘ஆனந்த விகடன்’ நூற்றுக்கு 62.5 மார்க்கு அளித்தது. அப்பத்திரிகையின் கண்டிப்பை அறிந்த ரஸிகர்கள் அதைப் பெருங் கௌரவமாகவே கருதினர். அதே மதிப்பைப் பத்துக்கு ஆறேகால் என்று ஐ.எம்.டி.பி. தளத்தில் கண்டாலோ, சாமானியப் படமென்று தள்ளிவிடுவர். முற்காலத்தில் ஊருக்கொரு படி வழங்கியது போன்றதே இதுவும்.

ராட்டன் டொமேட்டோஸ் தரும் சதவிகிதத்தைப் பலர் படத்தின் தரமென்றே எண்ணுகின்றனர். விமர்சகர்களில் எத்தனை பேர் படத்துக்குச் சாதகமாக எழுதினர் என்ற கணக்கேயன்றி அது வேறன்று. எல்லோரும் ‘சுமார்தான், ஆயினும் பார்க்கலாம்’ என்றால் அப்படத்துக்கு நூற்றுக்கு நூறு! பாதிப் பேர் அபூர்வ சிருஷ்டியென்று போற்றி, மறுபாதியினர் வெறுத்தால் ஐம்பதே கிடைக்கும்.

பொதுஜனங்கள் இடும் மார்க்கின் கதி என்ன? யூடியூபில் பெரும்பாலோர் ஐந்து நக்ஷத்திரங்களையே வாரி வழங்கியதால், 2010ல் அம்முறை கைவிடப்பட்டது. நெட்பிளிக்ஸும் 2017ல் நக்ஷத்திரங்களை நீக்கிக் கட்டைவிரல் அடையாளத்தை ஏற்றது. படம் வெளிவருமுன்னரே அபிப்பிராயம் எழுதுவதை ராட்டன் டொமேட்டோஸ் 2019ல் நிறுத்த நேர்ந்தது. பாராத படத்துக்குத் தீர்ப்புக் கூறுவது மதிப்பீடாகுமா?

ஜனங்கள் அளப்பதில்லை, வோட்டுப் போடுகிறார்கள். தம் அபிமான நடிகருக்குப் பத்து, எதிர்க்கட்சி நடிகருக்கு ஒன்று என்பதே பலரின் நியாயம். இப்பூசலில் ஆதரவாளர் கூட்டமில்லாத சிறு படங்களும் புதிய எழுத்தாளர்களுமே நசுங்குகின்றனர். கலையைச் சீர்தூக்காமல் கட்சி கட்டப் பழகியவர் ராஜ்ய விவகாரங்களில் மட்டும் நடுநிலை காப்பர் என்று நம்புவதெங்ஙனம்?

மார்க்கே கூடாதென்பது நமது கக்ஷியன்று. பொழுது குறைந்தவர்க்கு அது ஒரு கைகாட்டியாக உதவும். ஆயினும், மார்க்கு இடுவோர் அதன் காரணத்தையும் இரண்டு வரியில் எழுதட்டும். வெறும் இலக்கத்தோடு யாரும் வாதாட முடியாது; காரணம் கூறினால் மறுப்பவர் மறுக்கலாம், திருந்துபவர் திருந்தலாம். ரஸனை வளர்வது அவ்வாறேயென்பது நமது திடமான அபிப்பிராயம்.