வழக்கா, சமரசமா?



செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த நம் கோத்தா திங்கியில், குலை அறுக்கும் கருவியையோ பழம் ஏற்றும் வண்டியையோ தன் வசதிக்கு மாற்றிக் கட்டுகிற கெட்டிக்காரர்கள் பட்டறைக்குப் பட்டறை உண்டு. அவர்கள் தங்கள் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற வேண்டும் என்பது நம் ஆசை. பெற்ற பிறகு இன்னொருவர் அதையே செய்து விற்றால்? வழக்குப் போடுவதா, பேசி முடிப்பதா?

இதற்கு, இந்திய மோட்டார் சைக்கிள் நிறுவனங்களான பஜாஜுக்கும் டிவிஎஸ்ஸுக்கும் சென்னையில் நடந்த வழக்கைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. சிறிய எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் நுட்பத்துக்கு பஜாஜ் 2002இல் விண்ணப்பித்து, 2005இல் காப்புரிமை பெற்றது. 2007இல் டிவிஎஸ் தன் 125 சிசி ‘ஃபிளேம்’ வண்டியை அறிவித்தது. அதிலும் இரண்டு பிளக். எங்கள் எஞ்சினுக்கு மூன்று வால்வு, அது ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது, உங்கள் காப்புரிமையே செல்லாது என்றது டிவிஎஸ். இரு தரப்பும் நீதிமன்றம் ஏறின.

2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் டிவிஎஸ்ஸுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஒற்றை பிளக்கோடு வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், டிவிஎஸ் விற்கலாம், ஆனால் விற்பனைக் கணக்கைச் சரியாக வைத்திருக்க வேண்டும் என்றது. மூல வழக்கை நவம்பர் 30க்குள் முடிக்கவும் உத்தரவிட்டது. முடியவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 2019இல், இரு நிறுவனங்களும் பேசித் தீர்த்துக்கொண்டன. அப்போது ஃபிளேம் சந்தையில் இல்லை. காப்புரிமையின் 20 ஆண்டு ஆயுளிலும் பெரும்பகுதி கரைந்திருந்தது.

இத்தனை காலம் தாக்குப்பிடிக்க அந்த இரண்டு பெரிய நிறுவனங்களால் முடிந்தது. பட்டறைக்காரரால் முடியுமா?

வழக்குப் போடுகிறவர் பலரும் யோசிக்காத ஆபத்து ஒன்று உண்டு. எதிராளி சும்மா இருக்கமாட்டார். உங்கள் காப்புரிமையே செல்லாது என்று எதிர்வழக்குப் போடுவார். மலேசியாவில் எஸ்கேபி ஷட்டர்ஸ் வழக்கில் அதுதான் நடந்தது. காப்புரிமையில் உரிமை கோரும் பகுதிகளுள் முதன்மைக் கோரிக்கை விழுந்தால் அதைச் சார்ந்த கோரிக்கைகளும் விழும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. ஈப்போவின் ஹோவிட் நிறுவனத்துக்கும் மெர்க்குக்கும் நடந்த மருந்து வழக்கில், 2019இல், அதே நீதிமன்றம் அந்த விதியைக் கைவிட்டது. ஆக, சட்டத்தைத் திருத்தவும் வழக்கு வேண்டியிருக்கிறது. எல்லாரும் காலங்காலமாகச் செய்துவந்த ஒன்றைத் தன்னுடையது என்று ஒருவர் உரிமை கொண்டாடி உங்கள் பிழைப்பில் கைவைத்தால், நீங்களும் போராடத்தான் வேண்டும்.

மற்றபடி, என் கருத்து இதுதான்: ரோஷத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, உங்கள் பொருள் இன்னும் எத்தனை ஆண்டு விற்கும் என்று கணக்குப் போடுங்கள். வழக்கு அதைவிட நீளும் என்றால், உரிமத் தொகை வாங்கிக்கொண்டு எதிராளியையும் செய்யவிடுவதே லாபம். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவிலும் ஒரு பங்கு உங்கள் தலையில் விழும். சமரசம் பேசினால் பலவீனம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சமும் வேண்டாம். ‘வித்தவுட் பிரஜுடிஸ்’ என்ற நிபந்தனையோடு நடக்கும் சமரசப் பேச்சை, பொதுவாக, பிறகு நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது.

வாசகர்களே, உங்களில் யாருக்காவது காப்புரிமையை மீறியதாக ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தால், கோபத்தில் அன்றே பதில் எழுதிவிடாதீர்கள். காப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். உங்கள் அனுபவத்தை எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்