ரிப்போர்ட் வந்தாச்சு, டாக்டர் எங்கே?

காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால், மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது கைபேசியில் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. வெயிலில் மறுபடி லேபுக்கு நடக்க வேண்டாம். என்னைப் போன்ற முழங்கால் வலிக்காரர்களுக்கு இது பெரிய வசதிதான். சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாம் தாராளமாக இப்படியே வரட்டும்.

என் சண்டை வேறு. பயாப்சி ரிப்போர்ட்டையும் கேன்சர் மார்க்கரையும் அதே மாதிரி ஒரு வரிச் செய்தியோடு அனுப்புகிறார்களே, அது நியாயமா?

எங்கள் தெருவில் ஒரு பெண்மணிக்கு சனிக்கிழமை ராத்திரி சி.ஏ. 125 ரிப்போர்ட் வந்தது. எண் தடித்த எழுத்தில், பக்கத்தில் 'ஹை' என்று. டாக்டர் திங்கட்கிழமை மாலைதான் வருவார். கூகுளைக் கேட்டார்கள். அது சினைப்பைப் புற்றுநோய் என்றது. இரண்டு ராத்திரி அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை. திங்கட்கிழமை டாக்டர் ஸ்கேனையும் பார்த்துவிட்டு, "இது எண்டோமெட்ரியோசிஸ். இதிலும் அந்த எண் ஏறும்" என்றார். இரண்டே வாக்கியம். அதைச் சொல்ல சனிக்கிழமை ஆள் இல்லை.

இன்னொன்றும் உண்டு. 'நார்மல்' அளவு என்பதே பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வகுத்ததுதான். மீதி 5 சதவீதம் பேர் நோயில்லாமலே வெளியே நிற்பார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஒரே பேக்கேஜில் செய்தால், நோயே இல்லாதவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு ஏதாவது ஒன்று கோடு தாண்டியிருக்கும். இதை எந்தக் குறுஞ்செய்தி சொல்கிறது?

அந்தக் கைபேசி யாருடையது என்பதும் கேள்விதான். கவுன்ட்டரில் பெரியவர்கள் மகன் நம்பரைக் கொடுக்கிறார்கள், மனைவி கணவர் நம்பரைக் கொடுக்கிறாள். உடம்பு ஒருவருடையது, செய்தி இன்னொருவர் கைக்குப் போகிறது.

"நோயாளிக்குத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா?" என்பார்கள். உண்டு, ஐயா. ரிப்போர்ட் அவருடைய சொத்து. மறைக்கச் சொல்லவில்லை, கூட ஒரு மனிதக் குரலையும் அனுப்பச் சொல்கிறேன். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தர வேண்டும் என்கிறது. எச்.ஐ.வி.க்கு அவசியம் என்று ஒப்புக்கொண்டது புற்றுநோய்க்கு மட்டும் ஏன் வேண்டாம்?

செலவும் அதிகமில்லை. ரத்தம் எடுக்கும்போதே "ரிசல்ட் போனிலா, நேரிலா? யார் நம்பருக்கு?" என்று கேட்கட்டும். பயப்படும்படி ஏதாவது இருந்தால் முதலில் டாக்டருக்குச் சொல்லட்டும். அவர் ஒரு நாளைக்குள் நோயாளியைக் கூப்பிட்டுப் பேசட்டும். அதன் பிறகு ரிப்போர்ட் வரட்டும்.

பாக்கிப் பணத்துக்கு மட்டும் லேப்காரர் நேரில் போன் செய்து பேசுகிறாரே. அதற்கு ஆள் இருக்கிறது என்றால் இதற்கும் இருக்கும்.